நகரும் குதிரைகள்: கோட்டோவும் அதன் இசையமைப்பாளர்களும்

ஜப்பானின் கோட்டோவில் 13 தந்திகள் உண்டு. பதின்மூன்றும் ஒரே பருமன். பதின்மூன்றையும் ஏறக்குறைய ஒரே இறுக்கத்தில்தான் கட்டுகிறார்கள். தந்திகளுக்கு அடியில் நிற்கும் குதிரைகளை எடுத்துவிட்டால் எல்லாத் தந்திகளும் கிட்டத்தட்ட ஒரே சுரத்தைத்தான் சொல்லும். வீணையில் மெழுகுச் சட்டத்தில் பதித்த மெட்டுகள் சுரங்களின் இடத்தைக் காத்து நிற்கின்றன. கோட்டோவில் அப்படி நிலைத்த காவல் எதுவும் இல்லை. ஒவ்வொரு தந்திக்கும் தனியாக ஒரு குதிரை. எதையும் ஒட்டி வைப்பதில்லை, தந்தியின் அழுத்தம் மட்டுமே அதைப் பிடித்திருக்கிறது. வாசிப்பவர் அமர்ந்ததும் அந்தக் குதிரைகளை ஒவ்வொன்றாக நகர்த்தி அன்றைய பாடலுக்குரிய சுர வரிசையை அமைத்துக்கொள்கிறார். பாடலின் நடுவிலேயே கையை நீட்டி ஒரு குதிரையைத் தள்ளி வைப்பதும் வழக்கம்.

இந்த அமைப்பிலிருந்துதான் கோட்டோவின் வரலாறு முழுவதும் பிறக்கிறது என்று நினைக்கிறேன். கோட்டோவுக்கு இசையமைப்பவர் மெட்டை யோசிப்பதற்கு முன்பே குதிரைகளை எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்தாக வேண்டும். அடுத்து, தந்திகள் போதுமா என்று கேட்க வேண்டும். 17ஆம் நூற்றாண்டிலிருந்து இன்றுவரை இந்த வாத்தியத்தில் பெரும் மாறுதலைச் செய்தவர்கள் பெரும்பாலும் இந்த இரு கேள்விகளில் ஒன்றுக்குப் புதிதாக விடை சொன்னவர்களே. அதனால் ‘மரபுக் கோட்டோ’ ஒரு பக்கம், ‘நவீனக் கோட்டோ’ மறுபக்கம் என்று கோடு கிழித்துப் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை. மரபு என்று இன்று நாம் கேட்பதும் ஒரு காலத்தில் ஒருவர் துணிந்து குதிரையை நகர்த்தியதால் வந்ததுதான்.

வாத்தியத்தைக் கொஞ்சம் அருகில் சென்று பார்க்க வேண்டும். சுமார் 180 சென்டிமீட்டர் நீளம். உடல், ஜப்பானியர் கிரி என்னும் பவுலோனியா மரம். எடை குறைவு, அதிர்வு நன்றாகப் பரவும். மரத்தை உட்புறம் குடைந்து, மேற்பரப்பைப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் கருக்கி, பின் தேய்த்து மெருகேற்றுகிறார்கள். வலது கையின் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றிலும் தந்தத்தால் செய்த நகங்களை அணிந்து மீட்டுகிறார்கள். ஒலி தெளிவாக எழுந்து விரைவில் தேய்ந்துவிடும். அந்தத் தேய்விற்குள்தான் இடது கைக்கு வேலை. குதிரைக்கு இடப்புறம் உள்ள வெற்றுத் தந்தியைக் கீழே அழுத்தினால் சுரம் அரைப்படியோ முழுப்படியோ ஏறும். மீட்டிய பிறகு அழுத்தினால் ஒலி வளைந்து மேலே போகும். தந்தியைக் குதிரையை நோக்கி இழுத்தால் ஒலி சற்றே தாழ்ந்து மீளும். வீணையில் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து வரவழைக்கும் கமகத்தைக் கேட்டுப் பழகிய காது இதை உடனே கண்டுகொள்ளும். வேறுபாடு அளவில் இருக்கிறது. கோட்டோவில் அசைவு அரிதாகவே வரும். வரும் இடத்தில் அதற்கு முழுக் கவனமும் கிடைக்கும். மாணவர்கள் இவற்றையெல்லாம் நெடுங்காலம் வாயால் சொல்லியே கற்றார்கள். தொன், தென், ஷான், கொரோரின், சரரின் என்று ஒவ்வொரு மீட்டுக்கும் ஒரு சொற்கட்டு உண்டு.

கோட்டோவின் மூதாதை சீனத்திலிருந்து வந்தது. நாரா காலத்தில், 8ஆம் நூற்றாண்டையொட்டி, அரசவை இசையான ககாக்குவின் ஒரு பகுதியாக ஜப்பானில் அது குடியேறியது. பழைய ஜப்பானிய நாவலான ‘கென்ஜியின் கதை’யில் வரும் மேன்மக்கள் பல வகைத் தந்தி வாத்தியங்களை மீட்டுகிறார்கள். இதுவும் அவற்றில் ஒன்று. அரசவைக்கு வெளியே தனி இசையாக அது வளர்ந்தது 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், தெற்கே கியூஷூ தீவில். கென்ஜுன் என்ற துறவி அங்கே உருவாக்கிய ட்சுகுஷிகோட்டோ மரபு அடக்கமும் ஒழுக்கமும் கொண்டது; பிரபுக்களுக்கும் துறவிகளுக்கும் உரியது. பெண்களுக்கும் பார்வையற்றவர்களுக்கும் அதைக் கற்பிக்கக் கூடாது என்று அதில் தடையே இருந்தது.

அந்தத் தடையை மீறித்தான் இன்றைய கோட்டோ பிறந்தது. யாட்சுஹாஷி கென்கியோ (1614–1685) பார்வையற்றவர். ஷாமிசென் என்னும் தந்தி வாத்தியம் வாசித்துப் பெயர் பெற்றவர். கென்ஜுன் வழிவந்த ஹோசுய் என்பவர் இவருக்கு எடோ நகரில் அந்த இசையைக் கற்பித்துவிட்டார். ‘கென்கியோ’ என்பது பார்வையற்ற கலைஞர்களின் சங்கமான தோதோ அமைப்பில் மிக உயர்ந்த பட்டம். ஷாமிசென் நகரத் தெருக்களின் வாத்தியம். அரைச்சுரங்கள் நெருக்கமாக உராயும் நகர்ப்புற இசைதான் யாட்சுஹாஷியின் காதில் ஊறியிருந்தது. அவர் கற்ற கோட்டோ மரபிலோ அரைச்சுரத்துக்கு இடமே இல்லை. அவர் குதிரைகளை நகர்த்தினார். அப்படி உருவான ஹிராஜோஷி சுதியமைப்பே இன்றும் கோட்டோ மாணவர் முதலில் கற்பது.

கர்நாடக இசை தெரிந்தவர்களுக்கு அந்த அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முதல் தந்தியின் ஒலியைச் சட்ஜமாகக் கொண்டால் கிடைப்பவை ச, சுத்த ரிஷபம், சுத்த மத்யமம், ப, சுத்த தைவதம். சுர அளவில் இது கர்நாடக சுத்த சாவேரி. இரண்டுக்கும் வரலாற்று உறவு கிடையாது, நடையும் முற்றிலும் வேறு. என்றாலும் முதன்முதலாகக் கோட்டோ கேட்கும் தமிழ்க் காது அந்நியப்பட்டு நிற்காமல் அதற்குள் புகுந்துவிடுவதற்கு இந்த ஐந்து சுரங்கள் ஒரு காரணம்.

யாட்சுஹாஷியின் பெயரில் வழங்கும் ‘ரோக்குடான் நோ ஷிராபே’ ஆறு பகுதிகளாலான வாய்ப்பாட்டில்லாத இசை. ஒவ்வொரு பகுதியும் 104 தட்டுகள்; முதல் பகுதியில் மட்டும் தொடக்கமாக இன்னும் 4. மெதுவாகத் தொடங்கி, பகுதிக்குப் பகுதி வேகம் கூடி, கடைசியில் மீண்டும் தணிகிறது. பாட்டுக்குத் துணையாக வாசிப்பதே வழக்கமாயிருந்த காலத்தில் சொற்களே இல்லாத இந்த வடிவம் எங்கிருந்து வந்தது என்பது இன்னும் விவாதப் பொருள். ஐரோப்பியப் பாதிரிமார் ஜப்பானில் பாடிய லத்தீன் விசுவாசப் பிரமாணத்தின் அமைப்போடு இது பொருந்துகிறது என்று இசையறிஞர் மினாகாவா தாட்சுவோ வாதிட்டார். அதை ஏற்றவர்களும் உண்டு, ஏற்காதவர்களும் உண்டு. இந்தப் பாடலை யாட்சுஹாஷியே அமைத்தாரா என்ற ஐயமும் ஆய்வாளரிடையே இருக்கிறது.

அவருக்குப் பின் இக்குடா கென்கியோவின் (1656–1715) வழி கியோத்தோவிலும் ஒசாகாவிலும், யமாடா கென்கியோவின் (1757–1817) வழி எடோவிலும் வேரூன்றின. இக்குடா வழியினரின் நகம் சதுர முனை. வாத்தியத்துக்குச் சற்றுச் சாய்வாக அமர்வார்கள். யமாடா வழியினரின் நகம் வட்ட முனை, நேராக அமர்வார்கள். பாட்டுக்கு அழுத்தம் தருவது யமாடா வழி. மேற்கு ஜப்பானில் காலப்போக்கில் ஷாமிசென்தான் தலைமை வாத்தியமாயிற்று, கோட்டோ அதன் பின்னே நடந்தது. 19ஆம் நூற்றாண்டில் மிட்சுசாகி கென்கியோவும் நகோயாவின் யோஷிசாவா கென்கியோவும் இதை மாற்ற முனைந்தார்கள். அதில் யோஷிசாவா செய்தது எனக்கு மிகவும் பிடித்த காரியம். அவர் புதுமைக்காகப் பின்னோக்கிப் போனார். பழைய அரசவை இசையின் சாயல் கொண்ட ஒரு சுதியமைப்பை உருவாக்கினார்; சொற்களை 10ஆம் நூற்றாண்டின் கோக்கின் கவிதைத் தொகையிலிருந்து எடுத்தார்; ‘சிதோரி நோ கியோக்கு’ முதலிய பாடல்களை ஷாமிசென் இல்லாமல் கோட்டோவுக்கென்றே அமைத்தார்.

1871இல் மெய்ஜி அரசு பார்வையற்றோர் சங்கத்தைக் கலைத்தது. இரண்டரை நூற்றாண்டாகக் கோட்டோவைக் கற்பிக்கும் உரிமையும் அதனால் வந்த வருவாயும் ஒரே நாளில் அவர்கள் கையைவிட்டுப் போயின. பட்டங்கள் செல்லாமற்போயின, பல கலைஞர்கள் வறுமைப்பட்டார்கள். அதே சமயம் வாத்தியம் யாருக்கும் திறந்ததாயிற்று. அரசின் புதிய இசைக் கல்வித் துறை 1888இல் கோட்டோ பாடல்களை மேற்கத்திய ஐந்துகோட்டு முறையில் அச்சிட்டது. அதே ஆண்டு வியன்னாவிலும் ஜப்பானிய மெட்டுகளைப் பியானோவுக்கு மாற்றிய ஒரு தொகுப்பு வெளியானது. அதைத் தயாரித்தவர் ஹைன்ரிக் ஃபான் பொக்லெட். அந்தத் தொகுப்பின் ஒரு பிரதியில் பிராம்ஸ் தம் கையால் குறிப்புகள் எழுதியிருக்கிறார். ஜப்பானியத் தூதரின் மனைவி தோடா கிவாகோ அந்த நகரில் கோட்டோ வாசித்து வந்த காலம் அது.

புதிய காலத்துக்கான பதில் வந்தது மீண்டும் பார்வையற்ற ஒருவரிடமிருந்துதான். மியாகி மிச்சியோ 1894இல் கோபேயில் பிறந்தார். எட்டு வயதளவில் பார்வை போயிற்று. அந்த வயதிலேயே இக்குடா வழிக் குருவிடம் சேர்த்துவிட்டார்கள். கொரியாவுக்குப் பிழைக்கப் போயிருந்த தந்தை காயம்பட்டுச் சம்பாதிக்க முடியாமற்போகவே, 13 வயதில் மிச்சியோ இஞ்சோன் நகருக்குச் சென்று கோட்டோவும் ஷாகுஹாச்சிக் குழலும் கற்பித்துக் குடும்பத்தைக் காப்பாற்றினார். அங்கே தம்பி பள்ளிப் பாடநூலை உரக்கப் படிக்கக் கேட்டார். நீர் மூடுபனியாகி, மேகமாகி, மழை, பனி, ஆலங்கட்டி, பனித்துளி, உறைபனி என்று உருமாறுவதைச் சொல்லும் ஏழு சிறு கவிதைகள் அதில் இருந்தன. அவற்றை வைத்து 1909இல், தம் 14ஆம் வயதில், ‘மிசு நோ ஹென்டாய்’ அமைத்தார். இரண்டு கோட்டோக்களுக்கான அந்தப் பாடலில் மழை விழுவதும் ஆலங்கட்டி தெறிப்பதும் கேட்கும். இது முதல் படைப்பு என்று தெரியாமல் கேட்பவர், பல்லாண்டு அனுபவமுள்ள ஒருவரின் பாடல் என்றே எண்ணுவார். கொரியாவில் இருந்த ஜப்பானிய அரசியல் தலைவர் இத்தோ ஹிரோபுமி அதைக் கேட்டு வியந்து உதவுவதாக வாக்களித்தார். அந்த ஆண்டு அக்டோபரில் அவர் கொல்லப்பட, வாக்கும் போயிற்று.

1917இல் மியாகி டோக்கியோவுக்கு வந்தார். மேற்கத்திய இசைத்தட்டுகளை ஆர்வத்தோடு கேட்டுக்கொண்டிருந்தவர் அவர். அந்த இசைக்கும் தம் இசைக்கும் உள்ள இடைவெளியில் முதலில் அவர் காதில் பட்டது கீழ்ச்சுரங்கள் இல்லாத குறை. ஜப்பானிய வாத்தியங்கள் சேர்ந்து வாசிக்கும்போது அடியில் தாங்கும் கனமான ஒலி எதுவும் கிடையாது. 1921இல் 17 தந்திகள் கொண்ட பெரிய கோட்டோவை உருவாக்கி அந்தக் குறையைத் தீர்த்தார். வழக்கமான கோட்டோவைவிட அது நீளம், அதன் தந்திகளும் தடிமன். அதே ஆண்டு அதற்கான முதல் பாடலையும் எழுதினார். இலைகள் உதிர்ந்தாடுவதைச் சொல்லும் ‘ஒச்சிபா நோ ஒதோரி’. இசையமைப்பாளர் மோத்தோரி நாகாயோவோடு சேர்ந்து 1920இல் அவர் நடத்திய கச்சேரிக்குப் பிறகு இந்தப் போக்குக்கு ‘புதிய ஜப்பானிய இசை’ என்ற பெயர் நிலைத்தது.

தந்தியைக் கூட்டும் வேட்கை அவரை இன்னும் தூரம் இழுத்துப் போனது. 1929இல் 80 தந்திகள் கொண்ட ஒரு கோட்டோவைச் செய்வித்தார். அளவில் அது ஒரு பியானோவோடு போட்டியிட்டது. மேடையில் அது நிலைக்கவில்லை. 1945 விமானத் தாக்குதலில் எரிந்து போனது.

ஆனால் அதே 1929இன் இறுதியில் அவர் எழுதியது 13 தந்திகளுக்கே. புத்தாண்டு அரண்மனைக் கவிதைக்கு அறிவித்த பொருள் ‘கடலோரப் பாறை’. அதை ஒட்டிக் கோட்டோவுக்கும் ஷாகுஹாச்சிக்கும் ‘ஹாரு நோ உமி’, வசந்தக் கடல், பிறந்தது. சிறுவயதில் கப்பலில் கடந்த செதோ உள்நாட்டுக் கடலின் நினைவு அதில் இருக்கிறது. தந்தையின் ஊரான தோமோனோஉரா அந்தக் கரையில்தான். கோட்டோ அலையாக அசைய, குழல் அதன் மேல் நீண்டு பறக்கிறது. நடுப்பகுதியில் துடுப்பின் வேகம். பிறகு தொடக்கத்தின் அமைதி திரும்புகிறது. மூன்று பகுதி வடிவமும், இடது கையும் தந்தியை மீட்டிக் கூட்டொலி எழுப்பும் முறையும் மேற்கிலிருந்து வந்தவை. 1932இல் ஜப்பானுக்கு வந்த பிரெஞ்சு வயலின் கலைஞர் ரெனே ஷெமே, குழலின் பகுதியை வயலினுக்கு மாற்றி மியாகியோடு சேர்ந்து வாசித்தார். அந்த இசைத்தட்டு கடல் கடந்தது. இன்று ஜப்பானில் புத்தாண்டு வாரத்தில் கடைவீதிக்குப் போனால் இந்தப் பாடல் காதில் விழாமல் திரும்ப முடியாது.

மியாகி 1930 முதல் டோக்கியோ இசைப்பள்ளியில் கற்பித்தார். கட்டுரைகளும் எழுதினார்; மழையின் ஒலி, மனிதர் குரல், அறையின் எதிரொலி பற்றி அவர் எழுதியவை நல்ல உரைநடை. எழுத்தாளர் உச்சிடா ஹியாக்கென் அவரிடம் கோட்டோ கற்ற நண்பர். 1956 ஜூன் 25 அதிகாலை, ஒசாகா கச்சேரிக்குச் சென்றுகொண்டிருந்தபோது கரியா அருகே ஓடும் ரயிலிலிருந்து விழுந்து இறந்தார்.

மியாகி திறந்த கதவின் வழியாக ஓர் இழப்பும் நுழைந்தது. அவர்மீது எனக்குள்ள பெருமதிப்பு அதைச் சொல்லத் தடையில்லை. இடது கை மீட்டத் தொடங்கியதும் அது அழுத்துவது குறைந்தது. தந்திகள் கூடக்கூட, அழுத்தி வரவழைக்க வேண்டிய சுரங்களெல்லாம் வெறும் தந்தியிலேயே கிடைத்துவிடுகின்றன. சுரத்துக்குச் சுரம் தாவும் துல்லியம் வந்தது. ஒரு சுரத்துக்குள்ளேயே நிகழும் நெளிவு மங்கியது. பட்டுத் தந்திக்குப் பதில் பாலியஸ்டர் இழை வந்ததும் இதை வேகப்படுத்தியது. பாலியஸ்டர் எளிதில் அறுவதில்லை, அதிக இறுக்கம் தாங்கும், ஒலியும் உரக்க வரும். பட்டின் சற்றே கரகரத்த, உள்ளடங்கிய குரல் அதில் இல்லை. பெரிய அரங்குகளுக்கு இந்த மாற்றம் தேவையாயிருந்தது என்பதை மறுக்க முடியாது. ரோக்குடானைப் பட்டுத் தந்தியில் ஒருமுறை கேட்டவர், மற்றதைக் கேட்கும்போது அந்த ஒலியைத் தேடவே செய்வார்.

போருக்குப் பின் கோட்டோ இசைக்குழுக்களின் முன் வந்து நின்றது. 1964இல் அமெரிக்க இசையமைப்பாளர் ஹென்றி கவலின் கோட்டோ கான்செர்டோவை எத்தோ கிமியோ பிலடெல்பியா இசைக்குழுவோடு வாசித்தார், நடத்தியவர் ஸ்டொகோவ்ஸ்கி. அதே ஆண்டு ஜப்பானில் மிக்கி மினோரு (1930–2011) மரபு வாத்தியங்களுக்கான ‘நிஹோன் ஒங்காக்கு ஷூதான்’ என்ற குழுவைத் தோழர்களோடு தொடங்கினார். மிக்கி கோட்டோக் குடும்பத்தில் வந்தவரல்லர். மேற்கத்திய முறையில் பயின்ற இசையமைப்பாளர். 1969இல் அவரும் கோட்டோ கலைஞர் நோசாகா கேய்கோவும் சேர்ந்து 20 தந்திக் கோட்டோவை உருவாக்கினார்கள். பிறகு ஒரு தந்தி கூடி 21 ஆன போதும் பெயர் மாறவில்லை. மியாகி கீழே தேடிய விரிவை இவர்கள் வாத்தியத்தின் முழு நீளத்துக்கும் கொண்டுவந்தார்கள். அதற்கு மிக்கி எழுதிய முதல் தனிப்பாடல் ‘தென்யோ’. 1981இல் அவருடைய ‘கியூ நோ கியோக்கு’ லைப்சிக் நகரில் குர்ட் மசூர் தலைமையில் அரங்கேறியது; ஐரோப்பிய இசைக்குழுவும் ஜப்பானிய வாத்தியக்குழுவும் ஒரே மேடையில். காட்ஸில்லா படத்துக்கு இசையமைத்த இஃபுகுபே அகிராவும் நோசாகாவுக்காக 20 தந்திக் கோட்டோவும் இசைக்குழுவும் இணையும் ‘சிம்பனிக் எக்லோக்’ எழுதினார். நோசாகா அதோடு நிற்கவில்லை. 1991இல் 25 தந்திக்குப் போனார். தாமே வாசித்து, எழுதுவோரைத் தேடிச் சென்று கேட்டு வாங்கி, ஒரு வாத்தியத்துக்கு இலக்கியம் சேர்த்த கலைஞர் அவர். இசையமைப்பாளர் பெயரை மட்டும் முன்னிறுத்தும் வரலாறுகளில் அவருக்கு உரிய இடம் கிடைப்பதில்லை.

சவாய் தாதாவோ (1937–1997) எதிர்த்திசையில் நடந்தார். அவருக்கு 13 தந்திகளும் மியாகியின் 17 தந்திகளும் போதுமாயிருந்தன. அவர் எழுதியவற்றில் தாளம் முன்னே வந்தது. வலது கை தந்திகளை வேகமாக வாரிச் செல்ல, இடது கை அடித்தளம் போட, கோட்டோ ஒரு கிதார் போலத் துடித்தது. 1985இல் எழுதிய ‘தோரி நோ யோ நி’, பறவையைப் போல, இன்று உலகின் எந்தக் கோட்டோ வகுப்பிலும் மாணவர் ஆசைப்படும் பாடல். அவரே வாசிப்பாளர் என்பதால் விரல்களுக்குப் பொருந்தாத எதையும் அவர் எழுதவில்லை. மிக்கியின் பாடல்களில் சிந்தனையின் உயரம் அதிகம் என்றால், சவாயின் பாடல்களில் கைகளின் அறிவு அதிகம். வாசிப்போர் நடுவில் எது நிலைக்கும் என்று கேட்டால் என் பந்தயம் சவாய் பக்கம்.

அவருடைய மனைவி சவாய் கசுவே அவர்களுடைய கோட்டோப் பள்ளியைப் பெரிதாக்கியதோடு, 17 தந்தி வாத்தியத்தைத் துணையிலிருந்து தனி மேடைக்கு உயர்த்தினார். மேற்கின் புதிய இசையமைப்பாளர்களும் அவரை நாடி எழுதினார்கள். சோஃபியா குபைதுலினா 1998இல் அமைத்த ‘மரத்தின் நிழலில்’ கோட்டோ, 17 தந்திக் கோட்டோ, சீனத்தின் செங் மூன்றையும் ஒருவரே இசைக்குழுவோடு வாசிக்க வேண்டிய படைப்பு. ஆயிரத்திருநூறு ஆண்டுகளுக்கு முன் பிரிந்த மூதாதை வாத்தியமும் வழிவந்த வாத்தியமும் அங்கே ஒரே கைகளுக்குள் வருகின்றன.

வாத்தியம் செய்பவர்களையும் சொல்லாமல் இந்தக் கதை நிறைவுறாது. ஜப்பானின் கோட்டோக்களில் பெரும்பங்கு ஹிரோஷிமா மாவட்டத்தின் ஃபுகுயாமாவில் உருவாகிறது. மியாகியின் தந்தை ஊரான தோமோனோஉரா இன்று அந்த நகராட்சிக்குள்தான் அடங்கியிருக்கிறது. 1985இல் ஃபுகுயாமா கோட்டோ அரசின் மரபுக் கைவினைப் பட்டியலில் இடம்பெற்றது. யானைத் தந்தத்தின் பன்னாட்டு வணிகம் தடைப்பட்ட பிறகு பெரும்பாலான குதிரைகள் பிளாஸ்டிக்குக்கு மாறிவிட்டன. வீட்டுக்கு வீடு பெண்பிள்ளைகளுக்குக் கோட்டோ கற்பித்த காலம் போனது. உரிமச் சான்றிதழ்களும் குருபரம்பரைச் செலவுகளும் கொண்ட பழைய முறை இளைஞர்களை ஈர்க்கவில்லை.

புதிய வாசிப்பாளர்கள் வருவது வேறு வாசலில். 2002இல் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டம், நடுநிலைப் பள்ளி மாணவர் ஒவ்வொருவரும் ஏதேனும் ஒரு ஜப்பானிய வாத்தியத்தைத் தொட்டுப் பழக வேண்டும் என்றது. பல பள்ளிகள் கோட்டோவைத் தேர்ந்தன. அரை மணியில் ‘சகுரா’ வாசித்துவிடலாம் என்பது அதற்கு ஒரு வசதி. உயர்நிலைப் பள்ளிக் கோட்டோ மன்றம் ஒன்றைக் கதைக்களமாக்கி 2012இல் தொடங்கிய ‘கோனோ ஒத்தோ தோமாரே’ மாங்கா தொடரின் ஆசிரியர் அமியூ கோட்டோக் குடும்பத்தில் வளர்ந்தவர். கதையில் வரும் போட்டிப் பாடல்களை உண்மையாகவே அமைத்து, ஒலிப்பதிவு செய்து, இசைக்குறிப்பையும் வெளியிட்டார்கள். பள்ளி மன்றங்கள் அவற்றை எடுத்து வாசிக்கின்றன. அந்தக் குழுக்களில் ஐந்தாறு பேர் 13 தந்திக் கோட்டோவோடு வரிசையாக அமர்ந்திருப்பார்கள். ஓரத்தில் ஒருவர் மட்டும் 1921இல் மியாகி செய்த 17 தந்திக் கோட்டோவோடு இருப்பார். வேகம் எங்கே கூட வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்பதை மற்றவர்கள் அவரைக் கேட்டுத்தான் அறிகிறார்கள்.